தருமபுரியில் இருந்தபடியே எழுத்து வேலை: இணையத்தில் உங்கள் பெயரை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்துகொண்டு ஃப்ரீலான்ஸாக எழுதுகிறவர்களுக்கு வேலை கொடுப்பவர் பெரும்பாலும் ஓசூரிலோ பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். நேரில் பார்க்கவே மாட்டார். உங்கள் பெயர் யார் வழியாகவாவது அவர் காதுக்குப் போனதும் முதல் காரியமாகக் கூகுளில் போட்டுத் தேடுவார். என் பெயரைத் தேடினால் முன்பெல்லாம் இரண்டு வரும்: கல்லூரிக் கவியரங்க அழைப்பிதழ் ஒன்று, அதே பெயருள்ள யாரோ ஒருவரின் வீட்டுமனை விளம்பரம் ஒன்று. அதை மாற்ற என்ன செய்வதென்று கேட்க ஊரில் ஆள் கிடையாது. கேட்டவர்களெல்லாம் "ஒரு வெப்சைட் போட்டுடுங்க" என்று பல ஆயிரம் சொன்னார்கள். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

செலவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி வாங்கினால் ஆண்டுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். வேண்டாம் என்றால் காசே ஆகாது. ஆவணங்கள் சரியாக இருந்தால் இரண்டு மூன்று வார இறுதிகளில் எல்லாம் தயாராகிவிடும். பான் கார்டில் பெயர் திருத்த வேண்டியிருந்தால் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

1. முதலில் பெயர்

சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பாதிச் சிக்கல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் "செல்வி மு" என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரோடு "செல்வி முனுசாமி" என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் "மு செல்வி". கட்டுரைக்குக் கீழே ஒரு புனைபெயர். நமக்கு நான்கும் ஒருவர்தான். பணம் அனுப்பும் கணக்குப் பிரிவுக்கும், அடையாளம் சரிபார்க்கும் கணினிக்கும் நான்கு பேர்.

ஆகவே இரண்டே பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். பான் கார்டில் உள்ளபடி ஒன்று: இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு, வேலைத் தளங்களில் அடையாளச் சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் இதுதான். வெளியே தெரியும் பெயர் இன்னொன்று. அது இயற்பெயராகவும் இருக்கலாம், புனைபெயராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது, இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இல்லையா என்பதை ஒரே தடவை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அப்படியே போடுங்கள். உங்கள் அறிமுகப் பக்கத்தில் இரண்டு பெயர்களும் ஒரே வரியில் சேர்ந்து வரட்டும்.

கையில் இருக்க வேண்டியவை: செல்பேசி எண் இணைத்த ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். பான் இல்லாதவர்கள் வருமான வரித்துறை இணையதளத்தில் ஆதார் ஓடிபி மூலம் இ-பான் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இருக்கிற பானில் பெயர் திருத்தி அட்டையாக வாங்க நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டால், வேகத்துக்காகத் தங்கள் மின்னஞ்சலையும் தங்கள் எண்ணையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பின்னால் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவர்கள் கடைக்கே போய் நிற்க வேண்டும். சமர்ப்பிக்கும் முன் திரையைத் திருப்பச் சொல்லி அந்த இரண்டு கட்டங்களை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

2. ஒரு மின்னஞ்சல், ஒரு எண்

பள்ளிக் காலத்தில் தொடங்கிய "ஸ்வீட்", "ராக்ஸ்" வால் ஒட்டிய முகவரியைத் தள்ளிவைத்துவிட்டு, பெயர் மட்டும் உள்ள புதிய முகவரி ஒன்றைத் தொடங்குங்கள். வேலைத் தொடர்புக்கு இதைத் தவிர வேறு முகவரி வேண்டாம். கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு எண்ணும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள்.

எண் விஷயத்தில் கவனம் தேவை. ரீசார்ஜ் தீர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடக்கும் பிரீபெய்டு சிம்மை நிறுவனம் முடக்கலாம். பிறகு அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். இரண்டாவது சிம்மை மின்னஞ்சலுக்கு இணைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் நம்மில் நிறைய. இன்னொன்று, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மலைப் பக்கமெல்லாம் டவர் கிடைப்பதே சில இடங்களில் அதிர்ஷ்டம். ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். சிக்னல் இல்லாமலே எண் காட்டும் ஆதன்டிகேட்டர் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். செல்பேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழையக் கூகுள் தரும் பேக்கப் எண்களை அச்செடுத்து பான் நகலோடு சேர்த்து வையுங்கள். இரண்டு ஆண்டு திறக்காமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பதால், பழைய முகவரியில் முக்கியக் கடிதங்கள் இருந்தால் அதையும் அவ்வப்போது திறந்து பாருங்கள்.

3. எழுதியதைத் திரட்டுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கிற வேலை இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளாக எழுதுகிறவர் என்றால் உங்கள் பழைய கோப்புகள் பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், கூகுள் கண்ணிலும் படாது. எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு அப்படியே ஏற்றிவிடாதீர்கள். ஒகர ஓகாரக் கொம்புகள் பிரிந்து நிற்கும், மேற்கோள் குறி இருந்த இடத்தில் ஏதாவது எழுத்து முளைத்திருக்கும். வரி வரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். பிடிஎஃபில் இருந்து நகலெடுத்த தமிழும் இப்படித்தான் உடையும். ஒரு பக்கத்தைத் திருத்துவதைவிட திரும்பத் தட்டச்சு செய்வது சில நேரம் சுலபம். புதிதாக எழுதுவதை எல்லாம் யூனிகோடிலேயே எழுதுங்கள். தமிழ்99 விசைப்பலகை பழகிக்கொண்டால் வேகம் தன்னால் வரும்.

அச்சில் வந்தவற்றை, பத்திரிகைப் பெயரும் தேதியும் பக்க எண்ணும் தெரியும்படி காலை வெளிச்சத்தில் படம் எடுங்கள். இணையத்தில் வந்தவற்றின் இணைப்பை மட்டும் சேர்த்து வைத்தால் போதாது. தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்கள் சொல்லாமல் காணாமல் போகும். இண்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் "இந்தப் பக்கத்தைச் சேமி" என்ற வசதி இருக்கிறது. இணைப்பை ஒட்டினால் அன்றைய பக்கத்தின் நகல் ஒன்று அங்கே நிற்கும். இலவசம். கட்டுரை வெளியான அன்றே இதைச் செய்துவிடுவது நல்லது.

திரட்டியதில் ஆறு முதல் எட்டு வரை எடுங்கள், அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. ஒவ்வொன்றின் மேலும் மூன்று வரிக் குறிப்பு எழுதுங்கள்: யாருக்காக, என்ன கொடுத்தார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள். உதாரணத்துக்கு ஒன்று:

"மாங்கூழ் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கான இணையப் பக்கங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். அவர்கள் கொடுத்தது தரச்சான்றுகளும் இயந்திரப் பட்டியலும் மட்டும். தொழிற்சாலையில் அரை நாள் இருந்து பார்த்து, பழம் வந்து இறங்குவதில் தொடங்கி டின் அடைப்பது வரை வாங்குபவருக்குப் புரியும்படி நான்கு பக்கங்களாக எழுதினேன்."

"சிறந்த உள்ளடக்கம் வழங்குகிறேன்" என்று பத்துத் தடவை எழுதுவதைவிட இந்த மூன்று வரிக்கு மதிப்பு அதிகம்.

காட்ட வேலையே இல்லாத புதியவரா? உள்ளூரை எடுங்கள். போச்சம்பள்ளி, சந்தூர் மாந்தோப்புகள், ராயக்கோட்டைத் தக்காளி மண்டி, ஓசூர் ரோஜாப் பண்ணைகள், தருமபுரிப் பட்டுக்கூடு அங்காடி, ஒகேனக்கல் சுற்றுலா என்று நம் மாவட்டங்களில் எழுதப் பஞ்சமே இல்லை. பசுமைக்குடில் அமைப்பவருக்கு ஒரு துண்டறிக்கை, பரிசல் சவாரிக்கு ஒரு பயணக் குறிப்பு என்று ஒரு குறிப்பிட்ட ஆளுக்காக எழுதுவது போலவே எழுதுங்கள். மேலே "மாதிரி" என்று தெளிவாகப் போடுங்கள். செய்யாத வேலையைச் செய்ததாகப் போட்டால் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் சாயம் வெளுத்துவிடும். ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கும்போது, நீங்கள் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுக்காமல் பதிப்புரிமை கைமாறாது என்பதே சட்டம். ஆனால் இப்போது பல கிளையண்டுகள் ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் தங்களுக்கே என்று போட்டுவிடுகிறார்கள். வேலை தொடங்கும் முன்பே "நிறுவனப் பெயர் இல்லாமல் இதை என் மாதிரிகளில் காட்டலாமா?" என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பெயரில் எழுதிக்கொடுத்ததை, அனுமதி இல்லாமல் எங்கும் போடக்கூடாது.

4. சொந்தமாக ஒரு பக்கம்

கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் இலவசத் திட்டம், பிளாக்கர் மூன்றில் எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள். ஒரே ஒரு பக்கம் போதும். மேலே பெயரும் என்ன எழுதுகிறீர்கள் என்ற ஒரு வரியும், அதன் கீழே மாதிரிகள், அப்புறம் எடுத்துச் செய்யும் வேலைகள், கடைசியில் தொடர்பு. வீட்டு முகவரி வேண்டாம். ஆதார் படத்தைப் போட்டு நம்பிக்கை சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போட்டு முடித்ததும் குறைந்த விலைச் செல்பேசி ஒன்றில் திறந்து பாருங்கள். படங்கள் வர நேரமானால் சிறிதாக்குங்கள்.

ஓராண்டு எழுதி, இதைத் தொடரப்போகிறோம் என்று தெரிந்த பிறகு டொமைன் வாங்குங்கள். இதில் சிக்கல்கள் அதிகம்.

முதல் ஆண்டு விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு இருநூறு என்று விளம்பரம் இருக்கும், இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் விலை பல மடங்கு. பணம் கட்டும் பக்கத்தில் சிறிய எழுத்தில் அது இருக்கும். அதைத்தான் ஒப்பிட வேண்டும். டாட் இன் பெயர்கள் பொதுவாக டாட் காமைவிடக் கொஞ்சம் மலிவு.

கூடைக்குள் அவர்களே சேர்த்து வைத்திருக்கும் ஹோஸ்டிங், பாதுகாப்பு, தேடல் உதவி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு அவை தேவையில்லை.

டாட் காம் வாங்கினால் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் பெயர் முடக்கப்படும். ஸ்பேமில் போய் உட்கார்ந்திருக்கும், தேடிப் பாருங்கள். உரிமையாளர் விவரத்தை மறைக்கும் வசதியையும் போடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையிலிருந்து "சார், வெப்சைட் டிசைன் வேணுமா" என்று போன் வந்துகொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். டிசைனர் தன் கணக்கில் வாங்கித் தந்தால் அது அவருடையதுதான். ஊரை விட்டுப் போய்விட்டார் என்றால் உங்கள் பெயரை நீங்களே அவரிடமிருந்து மீட்க வேண்டியிருக்கும்.

டொமைன் பெயரிலேயே மின்னஞ்சல் வேண்டுமானால் ஜோஹோ மெயிலில் இலவசத் திட்டமும் உண்டு, குறைந்த கட்டணத் திட்டமும் உண்டு. கட்டாயம் இல்லை.

கூகுள் மேப்பில் கடை போலப் பதியலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆட்களை நேரில் சந்திக்காமல் இணையத்திலேயே வேலை செய்பவர்களுக்கு கூகுள் அதை அனுமதிப்பதில்லை.

5. லிங்க்ட்இன்

வேலைத் தொடர்புகளுக்கென்றே உள்ள இந்தச் சமூக வலைத்தளம் நம் ஊர் எழுத்தாளர்கள் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கும் அங்கே ஓடும் தன்னம்பிக்கைப் பிரசங்கங்கள் பிடிக்காது. ஆனால் நிறுவனங்களில் வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். அதனால் கணக்கு வேண்டும், தினமும் பதிவு போட வேண்டிய அவசியம் இல்லை.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்து இடம். "எழுத்தாளர், கனவாளர், மாற்றத்தை விரும்புபவர்" என்று போட்டால் யார் தேடினாலும் கிடைக்க மாட்டீர்கள். "உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்குத் தமிழ், ஆங்கில இணைய எழுத்தும் மொழிபெயர்ப்பும், கிருஷ்ணகிரி" என்று போட்டால் அந்தச் சொற்களைத் தேடுகிறவர் கண்ணில் படுவீர்கள். ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குக் கன்னடமோ தெலுங்கோ தெரிந்திருக்கும். அதையும் மறக்காமல் சேருங்கள், மூன்று மொழி கையாளும் ஆளுக்குத் தனி மதிப்பு.

ஊர் பெயரை மாற்றி "பெங்களூரு" என்று போடச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி காதில் விழும். எனக்கு உடன்பாடில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அலுவலகம் வாருங்கள் என்பார்கள். ஓசூர்க்காரர் போய்விடலாம். அரூர்க்காரர் என்ன செய்வார்?

அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக அடையாளம் சரிபார்த்து அடையாளக் குறி பெறும் வசதி இலவசமாக இருக்கிறது. ஆவணத்தில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்பதால்தான் முதல் படியை அவ்வளவு நீட்டினேன். வேலை கொடுத்தவரிடம் பரிந்துரை கேட்பதாக இருந்தால் வேலை முடிந்து பணமும் வந்த அந்த வாரமே கேளுங்கள். தள்ளிப்போட்டால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அவருக்கு மறந்துபோகும்.

ஃபேஸ்புக்கில் சண்டை போடுவது உங்கள் உரிமை. பொதுவில் இருப்பதைக் கிளையண்டும் படிப்பார் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

6. வேலைத் தளங்கள்

ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் தளங்களில் ஒன்றான ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்து பணம் கைக்கு வர புதியவர்களுக்கு 14 நாள். அப்வொர்க் என்ற இன்னொரு தளத்தில் விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் வேண்டும், பெரும்பாலும் அவற்றைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் அனுபவத்துக்கு நல்லதுதான். ஆனால் முழுக்க அதையே நம்பினால், கணக்கு முடங்கிய அன்று அங்கே சேர்த்த நற்பெயரும் கூடவே போய்விடும். மதிப்பீடுகளைப் படமெடுத்து உங்கள் பக்கத்திலும் வையுங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு பேபால் வைத்தால் பான், வங்கிக் கணக்கு, பணம் எதற்காக வருகிறது என்ற பர்பஸ் கோடு மூன்றும் கேட்கும். இந்தியாவுக்குள் பணம் வாங்க 2021 ஏப்ரல் முதல் பேபால் உதவாது.

7. இன்வாய்ஸும் உத்யமும்

இன்வாய்ஸில் பெயர், பான், வங்கி விவரம், தேதி, வரிசை எண் இருக்க வேண்டும். நிறுவனங்கள் பணம் தரும்போதே 10 சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) பிடிக்கலாம். பான் தராவிட்டால் அது 20 சதவீதம். பிடித்த பணம் வருமான வரித்துறை இணையதளத்தில் தெரியும், நீங்கள் கட்ட வேண்டிய வரியைவிட அதிகமாகப் பிடித்திருந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை உள்ளூர் வேலைக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. கிளையண்ட் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

உத்யம் என்பது குறு, சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இதை இங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும், கட்டணம் கிடையாது. தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் அரசுத் தளம் போலவே இருந்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா எனப் பாருங்கள். இந்தப் பதிவு எண் இருந்தால், பணம் தர ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் போட்டிருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள். இன்வாய்ஸின் அடியில் அந்த எண்ணைப் போடுங்கள். தாமதித்தால் சிறு தொழில்களுக்கான அரசுத் தளத்தில் புகார் செய்யலாம். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்கிற குரல் கொஞ்சம் மாறும்.

8. ஆள் பிடிக்கிறவர்கள்

எண்ணும் மின்னஞ்சலும் வெளியே தெரிந்ததும் இவர்களும் வருவார்கள். வீட்டிலிருந்து தட்டச்சு வேலை, முதலில் பதிவுக் கட்டணம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிலர் கட்டணம் கேட்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு பிழைகள் அதிகம், நஷ்ட ஈடு தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவார்கள். பயந்து பணம் கட்டாதீர்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் "திட்ட விவரம்" என்று ஏபிகே கோப்பு, அதாவது செல்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு வந்தால் தொடவே தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், மணிக்கணக்கில் யோசிக்க நேரமில்லை.

இரண்டாயிரம் சொல்லில் இலவச மாதிரி கேட்பவர்களை மோசடி என்று சொல்ல முடியாது, ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. "என் பக்கத்தில் மாதிரிகள் உள்ளன. தனி மாதிரிக்குப் பாதிக் கட்டணம்" என்று மரியாதையாக எழுதிவிடுங்கள்.

9. பராமரிப்பு

மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாதாந்திர மின்தடை நாளை விட்டுவிடுங்கள். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். மாதிரிகளின் இணைப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறக்காததற்கு வேபேக் நகலின் இணைப்பைப் போடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய மாதிரி ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். மாங்கூழ் ஆலைகளுக்கு எழுத நினைப்பவர்கள் இந்த வேலையை பிப்ரவரிக்குள் முடிப்பது நல்லது. பழம் வர ஆரம்பித்துவிட்டால் அங்கே போனை எடுக்கக்கூட ஆள் இருக்காது.

ஆண்டுக்கு ஒருமுறை டொமைன். ஆட்டோ ரின்யூவலை நம்பாதீர்கள். கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது வங்கி தானியங்கிக் கட்டணத்தை நிராகரித்திருக்கும். டாட் காம் பெயர் காலாவதியாகி முதல் சலுகைக் காலமும் கடந்துவிட்டால், மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதையும் விட்டால் பெயர் பொதுவுக்குப் போய்விடும், சூதாட்டத் தளம் நடத்துகிறவர் கூட வாங்கிக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் செல்பேசியில் நினைவூட்டல் வைத்து, யூபிஐயில் நீங்களே கட்டி, ரசீதை பான் நகல் இருக்கும் அதே கோப்பில் போட்டுவிடுங்கள்.